தம்பிக்கு என் முகம்

மதாம் வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் நான்கு பிள்ளைகள் தொங்கினார்கள். உயிருள்ள பிள்ளைகள் இல்லை, எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த பிள்ளைகள். நூறு வருஷத்துக்கு முந்தின பிரெஞ்சுக் கிராமத்துப் பிள்ளைகள். அவ்வளவு அவலட்சணமான பிள்ளைகளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பூசணிக்காய் அளவுக்குத் தலை. அந்தத் தலையில் இருந்தது குழந்தை முகமா என்றால் அதுவும் இல்லை. சந்தையில் வரி வசூலிக்க வந்த நாற்பது வயது ஆள் கடைக்காரியை முறைக்கிற முகம். கழுத்து என்று ஒன்று மனுஷருக்கு உண்டு என்பதே வரைந்தவனுக்கு ஞாபகமில்லை. கைகள் இரண்டும் உப்பிய ரொட்டி. ஒன்று செர்ரிப் பழக் கொத்தைப் பிடித்திருந்தது, ஒன்றின் காலடியில் நாய் நின்றது, அந்த நாய்க்கும் மனுஷ முகம். எது பையன், எது பெண் என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காலத்தில் அங்கே ஆறேழு வயது வரைக்கும் பையன்களுக்கும் கவுன்தானாம்.

அம்மா சைகோனில் அந்தப் பிரெஞ்சுக்கார வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். காலையில் தம்பியை இடுப்பிலும் என்னைக் கையிலுமாக இழுத்துக்கொண்டு, எங்கள் சந்தைப் பக்கத்துச் சந்திலிருந்து புளியமரங்கள் நிற்கும் அந்தப் பெரிய தெருவுக்கு நடப்பாள். பின்வராந்தாவில் மெஷின். மிதித்துக்கொண்டே தம்பியை ஒரு கையால் அணைத்துக்கொள்வாள். நான் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எதையும் தொடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு உத்தரவு. தொடாமல் பார்த்துக்கொண்டிருக்க அந்த வீட்டில் இருந்தது அந்த நான்கு பூதங்கள்தான். ஆகவே அவற்றின் கீழேதான் நான் வளர்ந்தேன்.

மதாம் கெட்டவள் இல்லை. நல்லவள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பொழுது போகாதவள். கணவர் ரப்பர்த் தோட்டங்களைப் பார்க்கப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் வியட்நாமியருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், வெளியே போகவும் பயம். ஆகவே அம்மாவிடம் பேசுவாள். அம்மாவின் பிரெஞ்சு பாதி மாதா கோயில், பாதி சமையலறை. அதைக் கொண்டு அவள் எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள், வேண்டாதது மட்டும் புரியாது.

ஒரு நாள் அந்தப் படங்களின் கதையை மதாம் சொன்னாள். அவள் கணவரின் கிராமத்துக்கு, குளிர்காலத்தில் வேலை வெட்டி இல்லாத நாட்களில், ஊர் ஊராகச் சுற்றும் ஒரு வரைகிறவன் வருவானாம். படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. கோடைக்காலத்தில் வண்டிக்குச் சாயம் அடிப்பவன். சோறும் படுக்க இடமும் கொடுத்தால் போதும். வரும்போதே உடம்புகளை எல்லாம் வரைந்து முடித்துக் கொண்டுவந்துவிடுவான். கவுன் தயார், செர்ரி தயார், நாய் தயார். வீட்டுப் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துத் தலையை மட்டும் போட்டுக் கொடுப்பான். அதனால்தான் நாலு பிள்ளைக்கும் ஒரே உடம்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான்காவது பிள்ளைக்கு மட்டும் ஒரு காலில் செருப்பு இல்லை. கழன்று பக்கத்தில் கிடந்தது. அது என்ன என்று அம்மா கேட்டாள். அது செத்த பிள்ளை என்றாள் மதாம். வரைகிறவன் வந்து சேர்வதற்கு முன்பே செத்துப்போனது. அதன் அக்காவை உட்காரவைத்து முகத்தை வரைந்து, செத்ததற்கு அடையாளமாக ஒரு செருப்பைக் கழற்றிவிட்டானாம். அங்கெல்லாம் அப்படித்தான் வழக்கமாம். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, இருந்த பிள்ளையும் போன பிள்ளையும் ஒரே சாடையா என்று கேட்டாள். மதாம் தோளைக் குலுக்கினாள். யாருக்குத் தெரியும், பார்த்தவர்கள் எல்லாம் செத்துவிட்டார்களே என்றாள்.

எங்கள் வீட்டில் படமே கிடையாது. சேசுவின் திரு இருதயம், மாதா, அந்தோணியார், அவ்வளவுதான். போட்டோ பிடித்தால் பிள்ளைகளுக்கு ஆயுசு குறையும் என்பது அம்மாவின் கணக்கு. எதிர்வீட்டில் பாண்டிச்சேரிக்காரப் பெரியம்மா ஒருவர் இருந்தார். அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போவார், நாங்கள் மாதா கோயிலுக்குப் போவோம். கண்ணேறு மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. தம்பிக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு, அதே கயிற்றில் மாதா பதக்கம். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தைக்கு எதிரே ஸ்டூடியோக்காரர் ஒருவர் தம்பியைப் பார்த்துச் சொக்கிப்போய், சும்மாவே ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று கூப்பிட்டபோது அம்மா அவனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நானும் கூட நின்றேன். என்னை மறைக்க முந்தானை மிஞ்சவில்லை.

தம்பிக்கு நாலு வயது, எனக்கு எட்டு. அவனுக்குத் தொண்டை அடைத்துக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் மூச்சு சீறத் தொடங்கியது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு சிக்லோவில் ஏறினார். சிக்லோ என்றால் முன்னால் ஆள் உட்கார, பின்னாலிருந்து மிதிக்கிற ரிக்‌ஷா. அன்றைக்கென்று பார்த்து ஒரு காப்பிக் கடையில் யாரோ குண்டு வீசியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற தெருவை பிரெஞ்சு ராணுவம் மறித்து நின்றது.

இங்கே அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்தவர். எங்களுடையது அவருடைய அப்பா காலத்திலேயே காரைக்காலில் பிரெஞ்சுக் குடிகளாகப் பதிந்துகொண்டு சைகோனுக்கு வந்த குடும்பம். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு தானாக நிமிரும். நாம் பிரெஞ்சுக்காரர்கள், நிறத்தைப் பார்த்து ஏமாறாதே என்பார். அந்தத் தடுப்பில் அவர் தன் அடையாள அட்டையை நீட்டினார். சிப்பாய் அட்டையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தான். ஓரமாக நில் என்றான். வெள்ளைக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. அப்பா நல்ல பிரெஞ்சில் கெஞ்சினார். அதன் பிறகு கெட்ட பிரெஞ்சிலும் கெஞ்சினார். வழி விட்டபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. அதே சிக்லோவில் திரும்பி வந்தார்.

இதை எல்லாம் அப்பா ஒரே ஒரு முறைதான் சொன்னார். அந்த ஒரு முறைக்கே அவருக்கு வயதாகிவிட்டது.

அம்மா அழுததைப் பற்றி எழுதப் போவதில்லை. அடக்கம் முடிந்த பிறகு அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். மகனின் முகம் மறந்துவிடும் என்ற பயம் அது. கண்ணை மூடினால் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை என்பாள். மூக்கு தெரிந்தால் வாய் போய்விட்டது என்பாள். அந்த ஸ்டூடியோக்காரர் கூப்பிட்டாரே, கூப்பிட்டாரே என்று சுவரில் முட்டிக்கொள்வாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரு காலை எழுந்து உட்கார்ந்து, மதாம் வீட்டு நாலாவது படம் என்றாள். அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மதாம் அந்தச் செருப்புக் கழன்ற படத்தைச் சில நாளைக்கு இரவல் கொடுத்தாள். மனசு இளகித்தான் கொடுத்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். படுக்கை விரிப்பில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சந்தைக்குப் பின்னால் சினிமாக் கொட்டகைத் தட்டிகள் வரையும் வியட்நாமியர் ஒருவர் இருந்தார். வீட்டுப் பூசை மாடத்தில் வைக்கச் செத்தவர்களின் படங்களும் வரைவார், அது அங்கே பெரிய தொழில். ஆனால் அதற்கு அவருக்கு ஒரு போட்டோ வேண்டும். போட்டோ இல்லாத செத்தவனை எப்படி வரைவது என்று கேட்டார். அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

முதலில் என் முடியை வெட்டினாள். இடுப்பு வரை வளர்த்த முடி. தையல் கத்திரிக்கோலால் நறுக் நறுக்கென்று வெட்டி, தம்பிக்கு வாருவது போலவே வகிடெடுத்து வாரினாள். அவன் சட்டை எனக்குப் பற்றவில்லை. முதுகுப் பக்கம் பிரித்து ஊசி குத்தி மாட்டிவிட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

“ஏம்மா, உசுரோட இருக்கற புள்ளைய உக்கார வச்சு செத்தவன் படம் எழுதுவாங்களா? நாளைக்கி அதுக்குத்தானே மாலை போடுவே? இவ ஆயுசு என்னாவறது?”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இவளுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. கெட்டி உசுரு இது” என்றாள்.

ஒரு போட்டோவுக்குப் பயந்து மகனை முந்தானையில் மறைத்த அதே அம்மாதான் இதைச் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள். எல்லாம் தெரியும். யாருடைய ஆயுசு காப்பாற்ற வேண்டிய ஆயுசு என்று எந்தப் பெண் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

வரைகிறவர் மதாம் வீட்டுப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து அதிலிருந்து உடம்பைப் பிரதி எடுத்தார். நேர்மையான மனிதர், கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தார். கவுனை வரைந்தார், நாயை வரைந்தார், கழன்ற செருப்பை வரைந்தார். பழைய சாயம் வெடித்து ஓடிய கீறல்களைக்கூட மெல்லிய தூரிகையால் ஒன்றுவிடாமல் வரைந்தார். பிறகு என்னைப் பார்த்து முகத்தை வரைந்தார். நான் அசைந்தால் அம்மா என் தொடையில் கிள்ளுவாள். அழுதால் கண் வீங்கும், அவன் கண் வீங்கினதில்லை என்பாள். நானும் அழவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கவுன் போட்ட பிரெஞ்சுக் குழந்தையின் உடம்பில் காரைக்கால் முகம். முகம் கறுப்பு. கைகளோ மதாம் வீட்டுப் படத்தில் இருந்தபடியே ரோஜாப்பூ நிறம். மனிதர் நிறம் மாற்ற மறந்துவிட்டார், அல்லது பிரதி என்றால் பிரதிதான் என்று நினைத்தாரோ என்னவோ. கையையும் கறுப்பாக்கித் தருகிறேன் என்று பிறகு அவராகவே சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். மறுபடி சாயம் தொட்டால் முகம் கெட்டுவிடும் என்று பயம். இருக்கட்டும், மேலே போனால் எல்லாருக்கும் அந்த நிறம்தான் என்று ஒரு சமாதானம் வேறு சொன்னாள்.

அப்பா அந்தப் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார்.

“இந்தக் கைய மட்டும் அன்னைக்கி அவங்கிட்ட நீட்டிருந்தா விட்டுருப்பான்” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். நாம் பிரெஞ்சுக்காரர்கள் என்ற பேச்சும் அத்தோடு நின்றது.

இரவல் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அம்மா புதுப் படத்தையும் மதாமுக்குக் காட்ட எடுத்துப் போனாள். மதாம் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மா அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தானும் அழுதாள். நான் மதாமை ஒட்டி நின்றிருந்தேன், என் உயரத்திலிருந்து பார்த்தால் அவள் வாய் தெரியும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நயீஃப், ரொம்ப நயீஃப்’ என்றாள். சூதுவாது தெரியாதது என்று அர்த்தம். படத்தைச் சொன்னாளா, அம்மாவைச் சொன்னாளா தெரியாது. அம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எதிர்வீட்டில் போய்ச் சொன்னாள்.

பிரெஞ்சுக்காரர்கள் தோற்று மூட்டை கட்டியபோது மதாமும் கிளம்பினாள். அந்த நான்கு படங்களுக்கும் அம்மாதான் கெட்டித் துணியில் உறை தைத்துக் கொடுத்தாள். ராணுவம், கொடி, கப்பல், ரப்பர் எல்லாம் ஒருபக்கம் போகட்டும். எங்களுக்கு பிரெஞ்சு ஆட்சி முடிந்தது அம்மா அந்த உறைகளின் வாயைத் தைத்து மூடிய நாளில்தான். தெருவின் பெயர்கள் மாறின. அப்பாவின் வேலை போனது. நாங்கள் மட்டும் பிரெஞ்சுக்காரர்களாகவே அங்கே கிடந்தோம்.

படம் எங்கள் வீட்டின் நடு இடத்தைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை தோறும் மாலை. மாரியம்மன் கோயில் பக்கம் பூ விற்கிற வியட்நாமியப் பெண்ணிடம் மல்லிகை வாங்கி அம்மாவே கட்டுவாள். முன்னால் மெழுகுவர்த்தி. கல்லறைத் திருநாளுக்கு அவனுக்குப் பிடித்த பால் கொழுக்கட்டை. அந்தத் திருநாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் முகத்துக்கு மாலை போட்டு, என் முகத்துக்குப் பலகாரம் படைத்து, என் முகத்தைப் பார்த்து அம்மா ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் பின்னால் நின்று செருமினாலும் திரும்பமாட்டாள். வாய் கொப்பளித்துவிட்டு வா, தம்பிக்குப் படைத்த பிறகு சாப்பிடலாம் என்பாள். ஒரு நாளாவது அந்தப் படத்தைப் பார்க்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்க்கமாட்டாளா என்று ஏங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏங்கினேன்.

என் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. ஆறு வயதில் தெருக்குழாய்த் தொட்டியில் விழுந்த தழும்பு. நேர்மையான அந்த வரைகிறவர் அதையும் படத்தில் வைத்திருந்தார். முதலில் அதை மறைக்க அம்மா மாலையைச் சற்று ஏற்றி மாட்டுவாள். வருஷங்கள் போகப் போக மாலை இறங்கிவிட்டது. ஒரு தடவை மாதா கோயிலிலிருந்து வந்த பெண்களிடம், அவன் குழாய்த் தொட்டியில் விழுந்ததையும் ரத்தம் கொட்டியதையும் தான் தூக்கிக்கொண்டு ஓடியதையும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது அப்பா. அம்மா தம்பியை விட்டு வரமுடியாமல் வீட்டில் இருந்தாள்.

அவர்கள் போனதும், விழுந்தது நான்தானே அம்மா, அது என் முகம்தானே என்று கேட்டேன். எனக்குப் பதினைந்து வயது இருக்கும்.

“ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்கார இங்க யாருக்குடி வேலை இல்ல?” என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவளைச் சொல்லி என்ன பயன், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். கூட்டில் இரண்டு குஞ்சு இருந்தால் எந்தக் குஞ்சு என்று பழமொழி சொல்லவில்லை.

இதில் இன்னொரு அநியாயமும் நடந்தது. தம்பியின் உண்மையான முகம் எனக்கும் மறந்துவிட்டது. அவன் என் முதுகில் தொங்கிய கனம் ஞாபகமிருக்கிறது, காதுக்குள் ஊதுவது ஞாபகமிருக்கிறது. முகத்தை நினைத்தால் நான்தான் வருகிறேன், நறுக்கி வகிடெடுத்த முடியும் கிள்ளுக்குப் பயந்த கண்ணுமாக. என் முகத்தையும் எடுத்துக்கொண்டு அவன் முகத்தையும் தொலைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை இரண்டு தடவை செத்தது.

பிற்காலத்தில் பிரான்சில் ஒரு சிறு ஊர் மியூசியத்தில் இப்படிப்பட்ட படங்கள் ஓர் அறை நிறைய இருந்தன. எல்லாம் பூசணித் தலை, எல்லாம் ரொட்டிக் கை. வந்தவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு செருப்பு கழன்ற படம் வரும்போதெல்லாம், உட்கார்ந்தவள் யாரோ, அவளை எந்த ஓரத்தில் புதைத்தார்களோ என்று நின்றுவிடுவேன். காவலாள் வந்து, பெண்மணிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

இனி அம்மாவும் நானும் சைகோனை விட்ட கதை. அமெரிக்கர்கள் வந்தார்கள், அமெரிக்கர்கள் போனார்கள். அப்பா அதற்கு நடுவிலேயே, ஈரல் வீங்கி, யாரிடமும் எதுவும் கேட்காமல் கண்ணை மூடினார். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்து அம்மாவையும் படத்தையும் காப்பாற்றினேன். இரண்டு மூன்று வரன்கள் வந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்ப்பது மாலை போட்ட அந்தப் படத்தைத்தான், பிறகு என்னைத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அபசகுனம் என்று தோன்றாமல் இருக்குமா? அம்மா, அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பாள். முப்பது வயதும் தாண்டியது.

வடக்கிலிருந்து டாங்கிகள் வந்து புது ஆட்சி அமர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களை பிரான்ஸ் தன் விமானங்களில் அழைத்துக்கொண்டது. நாங்களும் பிரெஞ்சுக்காரர்கள் என்பது பிரான்சுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலும். ஆளுக்கு ஒரு பெட்டி. தங்கம், கலைப்பொருள், ஓவியம் எதுவும் நாட்டைவிட்டுப் போகக் கூடாது. ஆனால் பூசை மாடத்தில் வைத்துக் கும்பிடும் செத்தவர்களின் படத்துக்குத் தடை இல்லை என்று தெருவில் பேச்சு. செத்தவர்களை அந்த மக்கள் அவ்வளவு மதிப்பார்கள். அம்மா தன் பெட்டியில் துணிகூட அதிகம் வைக்கவில்லை. படத்துக்குப் புது மாலை கட்டினாள்.

விமான நிலையத்தில் சோதனை மேசைக்குப் பின்னால் பச்சைச் சீருடையில் ஒரு பெண். வடக்குப் பேச்சு. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பெட்டிகளைக் கிண்டிவிட்டு, படத்தின் துணியைப் பிரிக்கச் சொன்னாள். மாலையோடு படம் வெளியே வந்தது. இது என்ன என்றாள். செத்துப்போன மகன், கும்பிடுகிற படம் என்று அம்மா தன் சந்தை வியட்நாமியத்தில் சொன்னாள்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மாலையை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“இது நீங்கதானே?” என்று என்னைக் கேட்டாள்.

பிறந்த வீட்டில் ஒருவர்கூடச் சொல்லாத வார்த்தை அது. முன்பின் தெரியாத ஒருத்தி, எங்களைச் சந்தேகப்படுவதற்காகவே அங்கே நிற்கவைக்கப்பட்டவள், ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

உயிரோடு இருப்பவரின் படம் கும்பிடுகிற படம் ஆகாது, அது வெறும் ஓவியம், ஓவியம் இங்கேயே இருக்கவேண்டும் என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். மாலை போட்டு ஏமாற்றுகிறீர்களா என்றும் கேட்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்து நெருக்கினாள்.

“நீ இல்லன்னு சொல்லு. வாயத் தொறந்து சொல்லேன்டி.”

நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அம்மாதான் சொல்லவேண்டும் என்று நின்றேன். இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவையாவது.

அம்மா சொன்னாள். என்னை ஒதுக்கிவிட்டு மேசைமேல் சாய்ந்து, கைகளை ஆட்டி ஆட்டி, உடைந்த வியட்நாமியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மகன் செத்துவிட்டான். போட்டோ இல்லை. வரைய ஒரு முகம் வேண்டும். இவள்தான் வீட்டில் இருந்தாள், இவளை உட்காரவைத்தேன். ஆமாம், முகம் இவளுடையதுதான், தழும்பும் இவளுடையதுதான். படம் மட்டும் அவனுடையது. ஒரு தடுமாற்றம் இல்லை, யோசனை இல்லை. எல்லாம் அவளுக்கு நேற்று நடந்தது போலத் தெரிந்திருந்தது. மறந்துவிட்டாள், துக்கத்தில் புத்தி குழம்பிவிட்டது என்று இருபது வருஷத்துக்கு மேலாக நான் அவளுக்காக வைத்திருந்த சமாதானம் எல்லாம் அந்த மேசையில் கொட்டிப்போயிற்று.

சீருடைக்காரப் பெண்ணின் முகம் இளகியது. அவளுக்கும் யாராவது போயிருக்கலாம், அந்த நாட்டில் போகாத வீடு ஏது. மாலையைச் சரிசெய்துவிட்டாள். துணியை மூடினாள். பிறகு, உத்தியோகத்துக்காக இல்லை, சும்மா கேட்கிற மாதிரி, இந்த மகளுடைய படம் ஒன்றும் கொண்டுபோகவில்லையா என்று கேட்டாள்.

அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இவதான் உசுரோட இருக்காளே. இவளுக்கு எதுக்குப் படம்?”

நியாயமான பதில்தான் என்று அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு எங்களை அனுப்பினாள். விமானத்தில் படத்தை வைக்க இடமில்லை. அம்மாவுக்குக் கைவலி. பாரிஸ் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான்தான்.